வாரச் சொன்ன வாய், மூடிய கை

தானியேலு, பையை இறக்கி வை. சித்தி கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு இதைப் படி. உன் சித்தப்பன் மரக்காணத்திலேயே பெரிய பேச்சுக்காரன், மைக் இல்லாமல் கழுவெளி ஏரிக்கு அக்கரை வரைக்கும் கேட்கிற குரல், அப்படிப்பட்டவன் ஏன் பேசாமல் எழுதிவைத்தான் என்று நினைப்பாய். பேசினால் நான் அலங்காரம் பண்ணிவிடுவேன். வாயைத் திறந்தால் பூ வைக்காமல் என்னால் மூட முடியாது. எழுதினால் கை வலிக்கிறது, வலிக்கிற கை பொய்யை எழுதுமுன் கொஞ்சம் யோசிக்கிறது. எட்டாவது வரை படித்த கை. இல்லை, ஏழாவது. எட்டாவது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்படித்தான் போகும் இந்தக் கடிதம், பொறுத்துக்கொள். உன் அப்பா, என் அண்ணன், கண்ணை மூடின நாளிலிருந்து நீ எனக்கு மகன். அடுத்த வாரம் எஸ்தர் அத்தையின் மகள் ரூபியைக் கட்டப் போகிறாய். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் மடித்துப் பெட்டியில் வைக்காதே. ஜெபவீட்டில் யார் கேட்டாலும் கொடு. உப்பளத்து லாரன்ஸ் கேட்டால் முதலில் அவனுக்குக் கொடு.

சென்னையிலிருந்து போன் பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா? "சித்தப்பா, ஒரு தீர்க்கதரிசி எதனால பெரியவர் ஆகுறாரு? பைபிள் காலேஜ்ல இதப்பத்திப் பிரசங்கம் பண்ணணும். வீட்டுலயே ஒருத்தர வச்சிக்கிட்டு நான் ஏன் லைப்ரரியில போய் உக்காரணும்?" என்று சிரித்தாய். நான் கொஞ்சமும் தயங்காமல், "இன்னாடா பெரிய கேள்வி? சொன்னது பலிக்கணும். பலிச்சா பெரியவரு, பலிக்கலன்னா ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்" என்றேன். நீ விடவில்லை. யூதர்களுக்கு மோசேதான் எல்லாருக்கும் மேலே, ஆனால் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கும் பாவ நிவாரண நாளில் அவர்கள் உட்கார்ந்து வாசிப்பது யோனாவின் கதையை, "ஏன்னு சொல்லுங்க பாப்பம்" என்றாய். ஏதோ சொல்லி மழுப்பினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "எஸ்தர் அத்தை ஏன் போனை எடுக்க மாட்டேங்கறாங்க? ரூபியும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்று கேட்டாய். சிக்னல் போய்விட்டது என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். சிக்னல் எங்கேயும் போகவில்லை. போனது என் தைரியம்.

வெளியூர்க்காரர் யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்று நம் வழக்கத்தையும் எழுதிவிடுகிறேன். உப்பளத்தில் கோடை முழுக்க ஒரே கவலைதான். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவித்திருப்போம். மழை வரும் என்றால் எல்லா வேலையையும் போட்டுவிட்டுத் தார்ப்பாய், கீற்று என்று எது கிடைத்தாலும் இழுத்து அம்பாரத்தை மூட வேண்டும். அன்றைக்கு வாருகிற வேலை போச்சு. வராது என்றால் திறந்து போட்டுவிட்டு வாரிக்கொண்டே இருக்கலாம். அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது எழுந்து, "மூடவா, வாரவா?" என்று என்னைக் கேட்பார்கள். நான் கண்ணை மூடி நின்று பதில் சொல்வேன். அதே நேரத்தில் பின்வரிசையில் நிலக்கடலை போட்டவர்கள் மழை கேட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒரே தகரக் கூரைக்கு அடியில் இரண்டு விண்ணப்பம். ஆண்டவர் நம் ஜெபவீட்டுக்கு வரும்போது தலைவலி மாத்திரையோடுதான் வந்திருப்பார்.

நான் அந்த இடத்துக்கு எப்படி வந்தேன் என்பது உனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாய். நீ சின்னவனாக இருந்தபோது, வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்த ஒரு நாளில், "மூடுங்கடா!" என்று கத்தினேன். மூடினார்கள். சாயந்திரம் கொட்டித் தீர்த்தது. பம்ப்செட் ரூம் மேலே வெள்ளை உடுப்பில் ஒருவர் நின்று கைகாட்டினார் என்று சொன்னேன். அந்த வருஷம் வெறும் வெள்ளை உடுப்புதான். அடுத்த வருஷம் அவருக்குச் சிறகு முளைத்தது. அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்குள் கையில் எக்காளமும் வந்துவிட்டது. எந்தப் புயலானாலும் மரக்காணம் பக்கம் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்கிறார்களே, அது என்னைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறது என்றுகூட டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் உண்மையில் பார்த்தது என்ன தெரியுமா? மத்தியானம் கிழக்கே இருந்து வர வேண்டிய கடற்காற்று வரவில்லை. மேற்கே இருந்து மண் வாசனை வந்தது. அவ்வளவுதான். அதை அப்படியே சொல்லியிருந்தால் எல்லாரும் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் என்னைத் தீர்க்கதரிசி என்று யார் கூப்பிட்டிருப்பார்கள்?

இப்போது உன் நிச்சயத்தன்று நடந்ததற்கு வருகிறேன். ரூபியின் சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். நல்ல சட்டை, கூலிங் கிளாஸ், கையில் பெரிய பெரிய போன். ஆராதனை முடிந்ததும் லாரன்ஸ் எழுந்து, "மூடவா, வாரவா?" என்றான். அந்த விருந்தாளிகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "சார் வெதர் ரிப்போர்ட்டா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. கண்ணைக்கூட மூடவில்லை. "வாருங்க! வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒரு துளி விழாது. விழுந்தா நான் தீர்க்கதரிசியே இல்ல!" என்றேன். நீயும் ஆமென் என்றாய். உன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து வெள்ளை உடுப்புக்காரரையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். அன்று சாயந்திரமே நீ பஸ் ஏறிவிட்டாய்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் வெயிலுக்குப் பயந்து சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் பாத்தியில் இருந்தேன். கடற்காற்று வரவில்லை. காத்திருந்தேன், வரவில்லை. மேற்கே இருட்டு. கத்திரி வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. மகனே, அப்போது நேரம் இருந்தது. ஊருக்குள் ஓடி, "நான் சொன்னது தப்பு, வந்து மூடுங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் எல்லா அம்பாரமும் தப்பியிருக்கும். நான் ஓடவில்லை. பம்ப்செட் ரூமிலிருந்து தார்ப்பாயை எடுத்து வந்து என் அம்பாரத்தை மட்டும் மூடினேன். ஊரைப் பார்த்து வாரச் சொன்ன வாயும், தன்னுடையதை மூடிய கையும் ஒரே ஆளுடையவைதான். கயிற்றை இழுத்துக் கட்டும்போது நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்துப் பாத்தி வரப்பில் எஸ்தர் நின்றிருந்தாள். தன் கொட்டகைக்குப் போய், கிழிந்து ஒட்டுப் போட்ட தன்னுடைய தார்ப்பாயை எடுத்து வந்து தன் அம்பாரத்தை மூடினாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரு வார்த்தை பேசாமல், திருடர்களைப் போல மூடினோம். இல்லை, அவளை ஏன் சேர்க்கிறேன். திருடன் ஒருவன்தான்.

மழை நின்றதும் இன்னொரு காரியம் செய்தேன். மற்றவர்கள் வருவதற்குள் ஓடிப்போய் என் தார்ப்பாயை உருவி, சுருட்டி, பம்ப்செட் ரூமில் ஒளித்து வைத்தேன். பார்த்துவிடுவார்களே என்ற பயம், வேறு எண்ணம் இல்லை. ஆனால் லாரன்ஸ் வந்து பார்க்கிறான். அவன் அம்பாரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குழம்பு வாய்க்காலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாருடையதும் அப்படியே. நடுவில் என்னுடையது மட்டும், மேலே ஒன்றும் இல்லாமல், காய்ந்து நிற்கிறது. தலையில் அடித்துக்கொண்டிருந்தவன், "அண்ணே! கிதியோன் போட்ட ஆட்டுத்தோல் மாதிரியே நிக்குதண்ணே!" என்று முழங்காலில் விழுந்தான். வேதத்தில் சுற்றிலும் தரை நனைந்திருக்க, கிதியோன் விரித்த தோல் மட்டும் காய்ந்திருந்ததாம். நான் மறுக்கவில்லை. வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

அப்போதுதான் அவர்கள் கண் பக்கத்துப் பாத்திக்குப் போனது. எஸ்தரின் அம்பாரம் தார்ப்பாயோடு நின்றது. அவளுக்கு ஒளிக்கத் தோன்றவில்லை, ஒளிக்க அவளிடம் என்ன இருக்கிறது? "பாத்தீங்களா, இவ நம்பல. வாக்கு வந்த அப்புறமும் மூடியிருக்கா. இவளோட அவிசுவாசம்தான் மழையைக் கூட்டியாந்துது" என்றான் ஒருவன். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. என் வாக்கும் பொய்யாகவில்லை, அவர்கள் உப்பு போனதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சு ஒரு பிரசங்கத்தைவிடப் பெரிய வேலை செய்தது.

அன்றிலிருந்து அவளோடு யாரும் வாருவதில்லை. கூடை தூக்கிவிட ஆள் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் திருப்பும் முறை அவளுக்கு வரும்போது யாராவது மறந்துபோகிறார்கள். ஜெபவீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வருவார்களாம், ஆனால் ஒரு நிபந்தனை. நாளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் எழுந்து நின்று, தன் அவிசுவாசத்தால்தான் இந்த அழிவு வந்தது என்று சாட்சி சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் மணமகளின் தாயாக முன்னால் நிற்கலாம். கேட்காவிட்டால் கல்யாணம் நம் ஜெபவீட்டில் இல்லை. அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள், தானியேலு. உன்னிடம் சொல்லக் கூடாது என்று ரூபியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் போனை எடுக்கவில்லை.

தாவீது ராஜா தப்பு செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கே போய் முகத்துக்கு நேரே சொன்னார். என்னிடம் யார் வருவார்? கூனிமேட்டு உப்பு வியாபாரி பாய் வந்தார். லாரியை நிறுத்தி இறங்கினவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, ரெண்டுதான் நிக்குது? அந்தம்மாது தார்ப்பாய் போட்டு நிக்குது, சரி. உங்களுது சும்மாவே நிக்குதே, மழ உங்களுக்கு சலாம் வச்சிட்டு அந்தாண்ட போயிடுச்சா?" என்றார். நான் கிதியோனை ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே அம்பாரத்தைச் சுற்றி வந்து ஓரிடத்தில் நின்று விரலை வைத்தார். கயிறு அழுந்தின தடம். என்னைப் பார்க்காமலே, "உங்க யோனாவத்தான் நாங்க யூனுஸ் நபின்றோம். மீன் வயித்துக்குள்ள இருந்துக்கினு அவரு இன்னா கேட்டாரு தெரியுங்களா? கடல் மேலயும் பழி போடல, கப்பல்காரன் மேலயும் போடல. தப்பு என்னுதுன்னாரு. அதுக்கப்புறந்தான் மீனு வாயத் தொறந்துது" என்றார். பிறகு உப்பு நல்ல உப்பு என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிவிட்டார். என் உப்பை நாக்கில் வைத்துக் கண்ணீர் விட்டார் என்று வேறு சமயமாக இருந்தால் எழுதியிருப்பேன்.

யோனா கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்த மீன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு அளவு, உள்ளே டீக்கடை போடலாம் என்பேன், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். மீன் கரையில் துப்பியதும் கதை முடிந்தது என்று உன்னைத் தூங்கப் போகச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு கதை இருக்கிறது, அதை நான் சொன்னதே இல்லை. பாய் போன பிறகு எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். பட்டணம் அழியும் என்று யோனா அறிவித்தார். சனங்கள் மனம் திரும்பினார்கள். ஆண்டவர் இரங்கிவிட்டார், பட்டணம் அழியவில்லை. யோனாவுக்கு வந்ததே கோபம்! சொன்னது பலிக்கவில்லையாம். ஊருக்கு வெளியே ஒரு செடி நிழலில் உட்கார்ந்துகொண்டு செத்துப்போகிறேன் என்கிறார். ஒரு ஊர் பிழைத்ததற்காக ஒரு மனிதன் கோபப்படுவானா என்று நீ கேட்பாய். படுவான். அன்று மத்தியானம் என் அம்பாரத்தின் பக்கத்தில் அப்படி ஒருவன் நின்றான். யோனாவாவது வருத்தப்பட்டதோடு சரி. நான் என் சொல் பிழைக்கட்டும் என்று ஊரின் உப்பைக் கரையவிட்டேன்.

ஆகவே போனில் நான் சொன்ன பதிலை அடித்துவிடு. பலித்தால் பெரியவர் என்பது குறிசொல்கிறவனின் கணக்கு. மோசே கடலைப் பிளந்ததால் பெரியவர் என்று இத்தனை நாளும் நினைத்தேன். சனங்கள் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட நாளில், இவர்களை மன்னிக்காவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிவிடும் என்று ஆண்டவரிடமே மல்லுக்கு நின்றாரே, அங்கேதான் பெரியவர் ஆனார் என்று இப்போது படுகிறது. யோவான் ஸ்நானகன் ஒரு அற்புதமும் செய்யவில்லை, ஒரு அம்பாரத்தைக்கூடக் காயவைத்ததில்லை. அவரைவிடப் பெரியவர் பிறக்கவில்லை என்று இயேசு சொன்னார். வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டதைத் தவிர அவர் வேறென்ன செய்தார்? இதெல்லாம் உங்கள் காலேஜில் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்று காலை எஸ்தரைப் பார்க்கப் போனேன். தனியாக வரப்பு கட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எழுந்து நிக்கப் போறியா, தங்கச்சி?" என்றேன். "நிக்கறேண்ணே. ரெண்டு வார்த்த. நான் விசுவாசிக்கல, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. பொண்ணு கல்யாணம் நடக்கணும் இல்ல?" என்றாள். "அன்னிக்கி நீ பாத்த இல்ல?" என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றி நின்று சிரித்தாள். "பாத்தேன். அதான் மூடினேன். நீங்க சொன்னத நம்பினவங்க வாரினாங்க. நான் நீங்க செஞ்சத நம்பினேன். என்னப் போய் விசுவாசம் இல்லாதவன்றாங்க, கூத்துதான்" என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். சிரிப்பு போய்விட்டது. "சொன்னா இன்னா ஆவும்? அடுத்த தடவ நெஜமாவே இருட்டிக்கினு வர்றப்ப நீங்க மூடுங்கன்னு கத்தினா எவன் எழுந்து ஓடுவான்? லாரன்ஸ் அண்ணன் இன்னொருக்கா கரைஞ்சார்னா எழுந்திருக்க மாட்டாரு. உங்க பேரு நிக்கட்டும், அவங்க உப்பு நிக்கட்டும். எம்பேருக்கு இன்னா, போனாப் போவுது" என்றாள். நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஆனா ஒண்ணுண்ணே. அன்னிக்கி ஒத்த ஆளா தார்ப்பாய இழுக்க முடியாம திண்டாடினீங்க. இந்த முனையப் புடின்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

நாளை அவள் எழுவதற்கு முன்னால் நான் எழ வேண்டும் என்று முடிவு பண்ணித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்றுகூட ஜோடித்து வைத்திருந்தேன். கண்ணீர் வரவைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் மேலே உட்கார்ந்துகொண்டு படி என்று எழுதினேனே, அதையும் இப்போது அடித்துவிடு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கவனித்தேன், சுவரில் காலண்டர் தாள் ஆடவில்லை. கிழக்குச் சன்னல் திறந்துதான் இருக்கிறது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேற்கே லேசாக இருட்டு. மழை வருமா? தெரியாது. இந்த வார்த்தையை என் வாழ்நாளில் இப்போதுதான் எழுதுகிறேன், எழுத்துகூடச் சரியா என்று பார்த்துக்கொண்டேன்.

லாரன்ஸ் மறுபடியும் ஒரு சின்ன அம்பாரம் சேர்த்திருக்கிறான். நாளை வரை காத்திருந்தால் என் சாட்சி அழகாக இருக்கும், அவன் அம்பாரம் இருக்காது. முதலில் அவன் வீட்டுக்குப் போகிறேன். "போன ஞாயித்துக்கெழமகூட வாரச் சொன்னீங்களே, இப்ப எப்பிடித் தெரியும்?" என்று கேட்பான். மழை வந்த அன்றைக்கும் காற்று இப்படித்தான் நின்றது, அன்றைக்கு நான் என்னுடையதை மூடினேன், எஸ்தர் அதைப் பார்த்துத்தான் மூடினாள் என்று சொல்ல வேண்டும். வேறு விதமாகச் சொல்ல வழி இருக்கிறதா என்று யோசித்தேன். வெள்ளை உடுப்புக்காரர் வாசலில் ஒருமுறை தலைகாட்டினார். போகச் சொல்லிவிட்டேன். மழை வராமல் போனால் அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய் என்பார்கள். சொல்லட்டும், அம்பாரம் நிற்கும். யூதர்கள் ஏன் அந்தக் கதையைப் பாவ நிவாரண நாளில் வாசிக்கிறார்கள் என்று கேட்டாயே, எனக்கு விளங்கின மாதிரி இருக்கிறது.

இன்று நீ வந்து இறங்கினதும் சித்தி சோறு போடுவாள், இப்போது வேண்டாம் என்று சொல். பேன்ட்டை மாற்றிக்கொண்டு நேரே உப்பளத்துக்கு வா. பம்ப்செட் ரூமில் ஒளித்து வைத்த தார்ப்பாயை லாரன்ஸின் அம்பாரத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். நான் சொல்வதைக் கேட்ட பிறகு அவன் என் பக்கத்தில் நிற்க மாட்டான். அந்த முனையைப் பிடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்.